பாட்டுக்கு ஊர் இல்ல... சிரிப்புக்கு இருக்கு!

ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சி. ராஜபாளையத்தில் தியேட்டர் வாசலில் கூட்டம் மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. 'குடும்பஸ்தன்' பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களில் ஒரு அம்மாவும் மகனும். அம்மாவுக்குச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அந்த மாப்பிள்ளை இருக்கான்ல... அப்படியே உங்க பெரியப்பா வீட்டு மருமகன்டா. பேசுறது, உட்கார்றது, எல்லாம் அதே மாதிரி" என்றார்.

மகன் சிரிக்கவில்லை. இல்லை, உள்ளே நன்றாகச் சிரித்தார். வெளியே வந்ததும்தான் வேறு யோசனை வந்துவிட்டது.

அவருக்கு வயது 23. ராஜபாளையத்தில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அம்மா அங்கே பால்கோவா போடும் இடத்தில் வேலை பார்க்கிறார். திருவிழா சீசனில் மகனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கோயில் கொடைகளில் ஆர்கெஸ்ட்ரா மேடையேறிப் பாடுவார். பெயர் போடக் கூடாது என்பது மட்டும் அவருடைய கண்டிஷன். "நான் பாட்டு ரிலீஸ் பண்ணுனதே ஊருக்குத் தெரியாது. தோத்தது மட்டும் ஏன் தெரியணும்?"

ஆமாம், அவரும் ஒரு 'இண்டி' பாட்டு போட்டிருக்கிறார்.

நாற்பதாயிரம் ரூபாய்ப் பாட்டு

அம்மா போட்டு வைத்திருந்த ஏலச்சீட்டு. தவணை முடிய நான்கு மாதம் இருக்கும்போதே, தள்ளி எடுத்ததில் கைக்கு வந்தது 40,000 ரூபாய். ஒரு ஸ்டூடியோவில் பாதி போனது. மீதி, கொடைக்கானலில் இரண்டு நாள் வீடியோ ஷூட்டிங்கில் போனது. மேலே பறக்கிற ட்ரோன், கீழே பனி, பைன் மரத்துக்கு நடுவில் வெள்ளைச் சட்டையில் இவர். காதலி விட்டுப் போய்விட்டாள் என்று பாட்டு.

"உனக்கு எப்படா காதலி இருந்தா?" என்று கேட்டவர் அம்மாதான்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை அவரிடம் பதில் இல்லை. பாட்டைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை மூன்று இலக்கத்தோடு நின்றுவிட்டது. அதிலும் கணிசமான பங்கு தன்னுடையதே என்று ஒப்புக்கொள்கிறார். கடையில் சர்வீஸுக்கு வருகிற போன்களில் டெஸ்ட் பண்ணுவதற்கு அந்தப் பாட்டைத்தான் ஓட்டுவாராம். ஸ்பீக்கர் சரியாகிவிட்டதா என்றும் தெரியும், ஒரு வியூவும் ஏறும்!

தோற்றதில் வருத்தம் இல்லை என்கிறார். வேறொன்றில்தான் வருத்தம். "என் பாட்டு மோசம்னு எனக்கே தெரியும். ஆனா எனக்குப் பிடிச்சிருந்த மத்தவங்க பாட்டும் இப்ப ஏன் என் பாட்டு மாதிரியே இருக்கு?"

இது ஒரு ஊர் இளைஞரின் புலம்பல் மட்டும் இல்லை. தமிழ் இண்டி பாடல்களை ஆசையோடு பின்தொடர்ந்த பலரிடமும் இந்தக் கேள்வி இருக்கிறது.

ஒரு காலத்தில் ப்ளூடூத்...

சினிமாவில் வராத தமிழ்ப் பாட்டு நமக்குப் புதிதல்ல. 90களில் மால்குடி சுபாவின் 'வால்பாறை வட்டப்பாறை' கேசட் கடைகளில் அலறியது. 1997-ல் ஏ.ஆர்.ரஹ்மானின் 'வந்தே மாதரம்' வந்தது. 2006-ல் மலேசியாவிலிருந்து யோகி பி & நட்சத்ராவின் 'வல்லவன்' ஆல்பம் வந்தபோது, தமிழில் இப்படியும் ராப் பண்ண முடியுமா என்று காலேஜ் பசங்கள் ஆச்சரியப்பட்டார்கள். வாட்ஸ்அப் இல்லாத நாள்கள் அவை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் போனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டு ஏறும். ஒரு பாட்டு ஏறி முடிவதற்குள் இறங்க வேண்டிய ஸ்டாப்பே வந்துவிடும்.

அடுத்து கோவையிலிருந்து ஹிப்ஹாப் தமிழா. 'கிளப்புல மப்புல' வைரலானது. அந்தப் பாட்டின் கருத்தோடு சண்டை போட்டவர்களும் உண்டு, விசிலடித்தவர்களும் உண்டு. யாரும் சும்மா கடந்து போகவில்லை. ஜல்லிக்கட்டுக்காக அவர்கள் போட்ட 'டக்கரு டக்கரு', 2017 மெரினா போராட்டத்துக்கு முன்பே இளைஞர்கள் வாயில் இருந்தது.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் முயற்சியில், இசையமைப்பாளர் டென்மா ஒருங்கிணைத்த குழு. கானாவும் பறையும் கிடாரும் ஒரே மேடையில் ஒலித்தன. பாட்டில் இட ஒதுக்கீடு பேசினார்கள், சாதி பேசினார்கள். அந்த மேடையிலிருந்து தெரியவந்தவர்களில் ஒருவர் அறிவு.

2021 மார்ச்சில் அறிவும் தீயும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி'. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, கையில் ஒரு பிடி நிலம் இல்லாமல் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எடுத்த பாட்டு அது. ஒப்பாரியும் ராப்பும் கலந்து வந்த அந்தப் பாட்டுக்கு, தமிழ் தெரியாதவர்களும் உலகம் முழுக்க ஆடினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தையில் கீரை விற்கும் பாட்டியின் பேரனுக்கும் அது தன் வீட்டுக் கதை. 'இனிமேல் தமிழ்ப் பாட்டுக்கு சினிமா தேவையில்லை' என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பேச்சு அதிக நாள் நீடிக்கவில்லை. பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு, யாருக்குப் பெயர் என்ற சர்ச்சை வந்தது. 2024 மார்ச்சில், பாட்டு வந்து மூன்று வருடமாகியும் அதிலிருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். நாடு கொண்டாடிய பாட்டுக்கே அந்தக் கதி என்றால், சீட்டுப் பணத்தில் பாட்டு போடுகிறவர் எம்மாத்திரம்?

முகவரி அட்டை ஆன பாட்டு

2024 தொடக்கத்தில் சாய் அபயங்கரின் 'கட்சி சேர'. கொஞ்ச மாதத்தில் 'ஆச கூட'. இரண்டும் துள்ளலான பாட்டுகள். கேட்டால் கால் ஆடும், அதில் சந்தேகமே இல்லை. பாடகர்கள் திப்பு - ஹரிணியின் மகனான அவருக்கு இசை கைவந்த கலை. இரண்டே பாட்டில் பெரிய சினிமா வாய்ப்புகள் அவரைத் தேடி வந்தன. திறமைக்குக் கிடைத்த மரியாதைதான் அது.

பிரச்னை அவரில்லை. அவருக்குப் பின்னால் நிற்கும் நீண்ட வரிசை. தனிப்பாடல் என்பது சினிமாவுக்கு அனுப்பும் முகவரி அட்டையாகிவிட்டது. அட்டையில் என்ன இருக்க வேண்டும்? சினிமாக்காரருக்குப் பிடித்தது இருக்க வேண்டும். ஆகவே சினிமாப் பாட்டு மாதிரியே ஒரு பாட்டு, சினிமா நாயகி மாதிரியே ஒரு நாயகி, டான்ஸ் மாஸ்டர், ட்ரோன், கலர் கலரான லைட். படம் மட்டும்தான் இல்லை.

ரீல்ஸ் இன்னொரு கத்தரிக்கோல். பாட்டில் எந்த முப்பது விநாடி ஓடும் என்று பார்த்து அதை முதலில் போடுகிறார்கள், பிறகு மிச்சத்தைச் சுற்றிக் கட்டுகிறார்கள். அந்த முப்பது விநாடியைக் கேட்டவருக்கு முழுப் பாட்டில் புதிதாக எதுவும் இருப்பதில்லை. சரணத்துக்காக யாரும் காத்திருப்பதில்லை. சரணமே இல்லாத பாட்டுகளும் வந்துவிட்டன.

செல்போன் கடை இளைஞர் இதை வேறு மாதிரி சொல்கிறார். "இருபது பாட்டை வரிசையா ஓட விட்டேன். எந்தப் பாட்டு எந்த ஊர்ப் பையன் பாடுனதுன்னு ஒண்ணுலகூட கண்டுபிடிக்க முடியல. மதுரையா, நாகர்கோவிலா, வேலூரா... எதுவுமே தெரியல. எல்லாரும் கொடைக்கானல்ல நிக்கிறோம்!"

ராஜபாளையத்தில் பஞ்சாலைச் சங்கு உண்டு. ஷிப்ட் முடிந்து வேனில் திரும்பும் பெண்கள் உண்டு. சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்யும் தறிகளின் சத்தம் உண்டு. சங்கும் தறியும் எந்தத் தனிப்பாடலிலும் அவருடைய காதில் விழவில்லை. அவருடைய பாட்டிலேயே விழவில்லையே!

சிரிக்க வைத்தவர்கள் என்ன செய்தார்கள்?

இனி, அம்மாவைக் கண்ணீர் வரச் சிரிக்க வைத்த படத்துக்கு வருவோம்.

2025 ஜனவரி 24-ல் வெளியான 'குடும்பஸ்தன்' படத்தின் இயக்குநர் ராஜேஷ்வர் காளிசாமிக்கு இது முதல் படம். எழுத்தில் அவரோடு இருப்பவர் பிரசன்னா பாலச்சந்திரன். இருவரும் கோவையின் 'நக்கலைட்ஸ்' யூடியூப் குழுவிலிருந்து வந்தவர்கள். பெரிய ஸ்டூடியோவோ சென்னை சிபாரிசோ இல்லாமல், கொங்குப் பேச்சும் கொஞ்சம் அரசியல் நக்கலுமாக வீடியோ போட்டு வளர்ந்த கூட்டம் அது. அவர்களுடைய 'அம்முச்சி' வெப் சீரிஸை கோபிசெட்டிபாளையம் பக்கமே போகாதவர்களும் ரசித்தார்கள். கொங்கு நாட்டில் அம்முச்சி என்றால், நம் பக்கம் அம்மாச்சி. ஓர் எழுத்துதான் வித்தியாசம், பாசம் அதேதான்.

படத்தின் கதையை ஒரு வரியில் சொல்லலாம். வேலை போன ஒருவன் அதை வீட்டில் சொல்லாமல் சமாளிக்கிறான். நவீனாக மணிகண்டன். காதலித்து, சாதி கடந்து, வீட்டு எதிர்ப்பை மீறித் திருமணம் செய்தவன். விளம்பர நிறுவனம் ஒன்றில் டிசைனர். மனைவி வெண்ணிலா (சான்வி மேக்னா) கர்ப்பிணி. ஐ.ஏ.எஸ். கனவு வேறு அவளுக்கு. அம்மாவுக்கு ஆன்மிகச் சுற்றுலா ஆசை, அப்பாவுக்குப் பழைய வீட்டைச் சீர்படுத்தும் ஆசை. அக்கா கணவராக குரு சோமசுந்தரம். அந்த மாப்பிள்ளை முறுக்கு ஒன்றுக்கே தனி டிக்கெட் கொடுக்கலாம்.

வேலை போகிறது. கடன் ஏறுகிறது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். பொய்யை மறைக்க இன்னொரு பொய். எழுதிப் பார்த்தால் சோகக் கதைதான், தியேட்டரிலோ சிரிப்புச் சத்தத்தில் அடுத்த வசனம் கேட்பதில்லை. அப்பாவாக வரும் ஆர்.சுந்தர்ராஜன் ஒரு பார்வை பார்த்தாலே போதும், மூன்றாவது வரிசையில் யாராவது தன் அப்பாவின் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்.

மணிகண்டனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஜெய் பீம்' ராஜாக்கண்ணுவாக அழவைத்தவர். 'குட் நைட்' படத்தில் குறட்டையை வைத்தே ஒரு முழுப் படத்தைத் தாங்கியவர். பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி இருப்பது அவருடைய பலம். இந்தப் படத்தில் நவீன் எப்போதும் நல்லவனாக இல்லை. கோபத்தில் கத்துகிறான், ஈகோவில் சொதப்புகிறான், மனைவியைக் காயப்படுத்துகிறான். அதனால்தான் நம்ப முடிகிறது.

குறையே இல்லாத படமா என்றால், இல்லை. இரண்டாம் பாதியில் கஷ்டத்துக்கு மேல் கஷ்டம் வந்து கொஞ்சம் மூச்சு முட்டுகிறது. வெண்ணிலாவின் பக்கத்தை இன்னும் சொல்லியிருக்கலாம். அவளும் அதே வீட்டில்தானே தவிக்கிறாள்? ஆனால், ஊரில் குடும்பத்தோடு சேர்ந்து உட்கார்ந்து, ரத்தமும் துப்பாக்கியும் இல்லாமல், இரண்டரை மணி நேரம் சிரித்துவிட்டு வர இப்போது எத்தனை படம் இருக்கிறது?

ஒரே போன்... இரண்டு பாதை

கொஞ்சம் யோசித்தால் ஒன்று புரியும். பாட்டுக்காரர்களுக்கும் சிரிப்புக்காரர்களுக்கும் கிடைத்த கருவி ஒன்றுதான். அதே யூடியூப், அதே போன், அதே குறைந்த பட்ஜெட். இருவரையும் கூப்பிடுகிற சினிமாவும் ஒன்றுதான்.

சிரிப்புக்காரர்கள் தங்கள் வீட்டைக் காட்டினார்கள். கோவைப் பேச்சைச் சென்னைக்காகத் திருத்தவில்லை. 'ராஜபாளையத்துக்காரருக்கு இது புரியுமா?' என்று பயப்படவில்லை. புரிந்தது. மாமியார் வீட்டு மரியாதையும் மாதக் கடைசியும் எல்லா ஊரிலும் உண்டே! பாட்டுக்காரர்கள் எல்லா ஊருக்கும் பிடிக்க வேண்டும் என்று தங்கள் ஊரை அழித்துவிட்டார்கள். கடைசியில் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத பாட்டு மிஞ்சியது.

பாட்டுக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் பார்க்கத்தான் வேண்டும். நகைச்சுவை வீடியோவுக்கு ஒரு வீடும் நாலு நண்பர்களும் போதும். பாட்டுக்கு ஸ்டூடியோ, வாத்தியக்காரர், மிக்ஸிங் என்று எல்லாவற்றுக்கும் காசு. போட்ட காசை எடுக்க, ஆன்லைனில் கேட்கப்படும் ஒவ்வொரு முறைக்கும் கிடைக்கிற சில்லறையை நம்ப முடியாது. மேடைக் கச்சேரிதான் வழி. சென்னை, கோவையில் டிக்கெட் வாங்கி வருவார்கள். ராஜபாளையத்தில் சொந்தப் பாட்டு பாடக் கூப்பிட யார் இருக்கிறார்கள்? கோயில் கொடையில் இவர் தன் பாட்டை ஒருமுறை ஆரம்பித்தபோது, கீழேயிருந்து வந்த குரல்: "தம்பி, தெரிஞ்ச பாட்டு பாடுப்பா!"

ஆக, கேட்பவர்களான நமக்கும் இதில் பங்கு உண்டு. 'எல்லாம் ஒரே மாதிரி இருக்கே' என்று அலுத்துக்கொள்ளும் நாம்தான், வேறு மாதிரி ஒன்று வந்தால் பத்தாவது விநாடியில் தள்ளிவிடுகிறோம். 'குடும்பஸ்தன்' ஓடியதற்கு ஒரு காரணம், பார்த்தவர்கள் வாய்வார்த்தையாகச் சொல்லிப் பரப்பியது. ஒரு நல்ல தனிப்பாடலைப் பற்றி நாம் கடைசியாக யாரிடம் சொன்னோம்?

அம்மாச்சியின் கும்மி

இரவு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். அரை மணி நேரப் பயணம். ஜன்னலோர சீட்டில் அம்மா. படத்தின் காட்சிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தவர், திடீரென்று அமைதியானார்.

"ஏன்டா, அந்தப் பையன் வேலை போனதைச் சொல்லாம மறைச்சான்ல... நீயும் சீட்டு எடுத்ததைப் பத்து நாள் மறைச்சல்ல?"

மகன் ஜன்னலைப் பார்த்தார்.

"பணம் போனா போகுது. கோவா எப்படி வருது தெரியும்ல? பாலும் சீனியும்தான். நின்னு கிண்டணும். தீயை ஏத்தி அவசரப்படுத்துனா அடிபிடிச்சிரும். உன் பாட்டு அப்படித்தான் ஆச்சு. அதுல உன்னையவே காணோம்." 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவின் ரகசியத்தை, பஸ்ஸில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் அம்மா.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "அம்மாச்சி பாட்டு உன் போன்ல இன்னும் இருக்கா?"

இருந்தது. அம்மாச்சி முளைப்பாரி கும்மியில் முன்பாட்டுக்காரர். அவர் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால், தெருவே பின்பாட்டுப் பாடும். பேரன் தன் பாட்டின் நடுவில் வைப்பதற்காக ஒருநாள் அவரை அடுப்படியில் உட்கார வைத்துப் பதிவு செய்தார். ஸ்டூடியோவில் போட்டுக் காட்டியபோது, 'இது ரீல்ஸுக்கு செட் ஆகாது' என்றார்கள். வெட்டிவிட்டார். மிச்சத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றும் நினைத்திருந்தார். போன கார்த்திகையில் அம்மாச்சி இறந்துபோனார். எத்தனையோ பாட்டு தெரிந்தவரின் குரலில் இப்போது மிஞ்சியிருப்பது 40 விநாடி.

பஸ்ஸில் ஏதோ சினிமாப் பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. போனை அம்மாவின் காதோடு வைத்துப் பிடித்தார் மகன். அடுப்பில் எதுவோ தாளிக்கும் சத்தம், நடுவில் ஒரு இருமல், பிறகு அந்தக் குரல். முடிந்ததும் அம்மா சொன்னது ஒரே வார்த்தை: "இன்னொருக்கா."

ஆண்டாள் பாடிய முப்பது பாட்டை இந்த ஊர் ஆயிரம் வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு மார்கழியிலும் விடிகாலையில் எழுந்து பாடுகிறது. அந்தப் பாட்டுக்குள்ளும் ஊர்தான் இருக்கிறது, பக்கத்து வீட்டுத் தோழிகள்தான் இருக்கிறார்கள். அந்தக் கோபுரத்தின் கீழே வளர்ந்தவருக்கு இதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மறந்திருந்தார், அவ்வளவுதான்.

அடுத்த பாட்டு எப்போது என்று கேட்டால், அவர் இன்னும் பிடி கொடுக்கவில்லை. "முதல்ல சீட்டுக் கடன் அடையட்டும்" என்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது ஒரு வேலை வைத்திருக்கிறார். அம்மாச்சியோடு கும்மி அடித்த பெண்களில் நான்கு பேர் அதே தெருவில் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து, அவர்களுக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் போனில் பதிவு செய்கிறார். ட்ரோன் இல்லை, பனி இல்லை.

முதல் நாள் போனபோது ஒரு பாட்டி கேட்டாராம்: "எதுக்குய்யா இதெல்லாம்? சினிமாவுல போடப் போறியா?"

"இல்ல பாட்டி. சும்மா எனக்குத்தான்."

"அப்பச் சரி" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார் பாட்டி. சரணத்தோடு, முழுப் பாட்டையும்!